தம்பி, நேத்து நான் சொன்னது தப்பு

அன்புள்ள தம்பிக்கு,

நேத்து ராத்திரி நீ போன் பண்ணி டீமையே கலைச்சிட்டாங்கக்கான்னு சொன்னப்ப, நான் அவசரத்துல எல்லாம் நன்மைக்கேன்னு சொல்லிட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் சரிக்கா வெச்சிடறேன்னு கட் பண்ணிட்ட. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல. ஏழு வருஷ உழைப்பு ஒரே மீட்டிங்ல முடிஞ்சுபோய் நிக்கறவன்கிட்ட சொல்ற வார்த்தையா அது? நடந்தது நல்லதில்ல. நல்லதுன்னு நீ ஒத்துக்கவும் வேணாம்.

எனக்கு வலது மணிக்கட்டு உடைஞ்சது ஞாபகம் இருக்கா? ஆறு வாரம் மாவுக்கட்டு, விரல் நுனி மட்டும்தான் வெளிய தெரியும், இடது கையால ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடித் தட்டி நாலு வரி மெயில் அனுப்பறதுக்குள்ள கால் மணி நேரம் ஓடிடும். ஒரு நாள் பொறுக்க முடியாம போனை எடுத்துப் பேசிட்டேன். அதுவரைக்கும் நான் ஆபீஸ்ல யாருக்கும் போன் பண்ணதில்லடா, சந்தேகம் கேக்கணும்னாலும் முடியாதுன்னு சொல்லணும்னாலும் அடுத்த சீட்ல இருக்கறவங்களுக்குக்கூட மெயில்தான். வேலையில நான் ரொம்ப ஒழுங்குன்னு நினைச்சிட்டிருந்தேன். பேச ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துலதான் அது பயம்னு புரிஞ்சுது, யாராவது நேருக்கு நேர் மறுத்துப் பேசிட்டா என்ன பண்றதுங்கற பயம். மறுத்தாங்க, நானும் பதில் சொன்னேன், ஒண்ணும் ஆகல.

கட்டு பிரிச்சப்ப கை குச்சி மாதிரி மெலிஞ்சு தோல் உரிஞ்சு கெடந்துது. கொஞ்ச நாள்ல டைப்பிங் பழையபடி வந்துருச்சு, ஆனா போன்ல பேசற பழக்கம் மட்டும் என்னோட தங்கிடுச்சு. அதுக்காக கை உடைஞ்சது நல்லதுன்னு நான் சொல்லவே மாட்டேன், இன்னும் வலிக்குது.

2014 பிப்ரவரியில லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் ரெண்டு நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. பாதிக்கு மேல ஸ்டேஷன் மூடிக் கிடந்ததால ஜனங்க வேற வழி தேடி வேலைக்குப் போனாங்க. அவங்க பயண அட்டை விவரத்தையெல்லாம் பின்னாடி பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பாத்தா, ஸ்ட்ரைக் முடிஞ்ச பிறகும் சுமார் 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்ல. தினம் போய்வர்ற ரூட்லயே தங்களுக்குத் தோதான வழி எதுன்னு அவ்ளோ நாள் தெரியாம இருந்திருக்காங்க. அந்த ரயில் மேப்ல தூரமெல்லாம் உண்மையான அளவுல இருக்காது, அதை நம்பியே போனதும் ஒரு காரணம். அந்த 5ங்கற நம்பர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்டா. பெரும்பாலானவங்க பழைய வழிக்கே திரும்பிட்டாங்க, அதுவும் தப்பில்ல. இது நடந்ததால நீ தலைகீழா மாறிடணும்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காத.

பெரிய இழப்புக்கு அப்புறம் மனுஷங்ககிட்ட வர்ற வளர்ச்சியப் பத்தி டெடெஸ்கி, கேல்ஹவுன்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 1990கள்ல இருந்து எழுதிட்டு வர்றாங்க. அவங்க சொல்றதுல நான் கெட்டியா புடிச்சிக்கிட்டது ஒண்ணு, வளர்ச்சி அந்தச் சம்பவத்தால வர்றதில்ல, அதுக்கப்புறம் நாம அதோட மல்லுக்கட்டறோம் பாரு, அதுல வருது. வளர்ச்சி வந்துட்டா வலி போயிடும்னும் இல்ல, ரெண்டும் கூடவே இருக்கலாம். எல்லாருக்கும் வந்தே தீரும்னும் அவங்க சொல்லல.

அதனால இப்ப உனக்குக் கோவம் வந்தா கோவப்படு. ரெண்டு வாரம் எதுவும் பண்ணாம படுத்துக் கிடக்கணும்னா கிட. ஆனா நேத்து அத்தனை ஆத்திரத்துக்கு நடுவுல, நான் வேலை சொல்லிக்குடுத்த பசங்கல்லாம் வந்து கையப் புடிச்சிக்கிட்டாங்கக்கான்னு ஒரு வரி சொன்ன பாரு. அத சொல்லும்போது மட்டும் உன் குரல் வேற மாதிரி இருந்துது. ஏழு வருஷத்துல அந்தப் பசங்களப் பத்தி நீ என்கிட்ட ஒரு தடவகூட பேசினதில்லையேடா.

நாளைக்கு சாயங்காலம் போன் பண்றேன். அவங்களப் பத்திச் சொல்லு, நான் குறுக்க பேசாம கேக்கறேன்.

அன்புடன்,
அக்கா