பாடசாலை இணைப்புத் திட்டங்கள் கிணற்றடியில் தொடங்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுப் பாடசாலைகளுடன் எமது பாடசாலைகள் ஏற்படுத்திக்கொள்ளும் இணைப்புத் திட்டங்கள் பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

அண்மையில் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் இத்தகைய நிகழ்வுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். ஒரு மண்டபத்தில் நிறைகுடமும் கோலமும் பரதமும் இருந்தன. அது பண்பாட்டுப் பகுதி. அடுத்த மண்டபத்தில் நிலைபேறான அபிவிருத்தி என்ற தலைப்பின் கீழ், உருகும் பனிப்பாறைகளின் படங்களையும் துருவக் கரடிகளின் படங்களையும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளின் உழைப்பில் குறைகாண எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இரு மண்டபங்களுக்கும் நடுவே இருந்த பாடசாலைக் கிணற்றைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலியருகே கடல்நீரேரியில் கலந்துவிடுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, ஆழத்திலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதையே. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. மேலேயுள்ள அந்த ஓர் அடியை மோட்டரால் இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உவர் ஏறும். துலா என்னும் ஏற்றத்தை மிதித்து, நீரள்ளும் பட்டையால் இறைத்த காலத்தில், எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு மிதிப்பவரின் களைப்பே எல்லையாக இருந்தது. மாரிவெள்ளத்தை ஏந்தக் குளங்களும் கேணிகளும் இருந்தன. அவற்றருகே மாடுகள் உடலை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல்லும் நட்டிருந்தார்கள். பூவரசம் வேலியில் வெட்டிய குழை தோட்ட மண்ணில் தாழ்க்கப்பட்டு உரமானது. வேலிகள் மதில்களானபின் அந்தக் குழையும் போயிற்று. இன்று எமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு இரசாயன உரமும் ஒரு காரணம். பண்பாடும் புவியியலும் இரசாயனவியலும் கணிதமும் ஒரே கிணற்றடியில் கிடக்கும்போது, அவற்றை இரண்டு மண்டபங்களாகப் பிரிப்பது ஏன்?

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்திக் குறிக்கோள்களுள் கல்விக்குரிய 4.7 என்னும் இலக்கு, நிலைபேறான அபிவிருத்திக்குப் பண்பாடு அளிக்கும் பங்களிப்பையும் மாணவர் உணர வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கற்பிக்க வேண்டும் என்று நான் கேட்பது புதிய சலுகை அன்று.

இணையும் பாடசாலையிடமும், உங்கள் ஊரில் நீரை எப்படிக் கையாண்டீர்கள் என்று இதே வகைக் கேள்வியைக் கேட்கலாம். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் நாடான நெதர்லாந்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்திலிருந்து நீரை வெளியேற்ற அவர்கள் எழுப்பிய கிண்டர்டைக் காற்றாலைகள் 19, 1997இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நீரைப் பராமரிக்கும் சபைகள் 13ஆம் நூற்றாண்டு முதலே அங்கு இயங்குகின்றன. அவர்கள் நீரை வெளியேற்றக் கற்றவர்கள், நாம் நீரைத் தேக்கக் கற்றவர்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் தத்தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டறிந்ததைப் பரிமாறிக்கொண்டால், ஒருவர் கற்பிக்க மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை மாறும்.

பழையது முழுவதையும் போற்றிப் பாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று சாதியின் பெயரால் இதே மண்ணில் விதி வகுத்திருந்தோம். தாகத்தோடு கிணற்றடியில் காத்து நின்றவர்கள் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டுத் துலாவை மட்டும் காட்டுவது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் துரோகம்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இணையவழிச் சந்திப்புகளுக்கு ஆங்கிலம் சரளமாகப் பேசும் நான்கைந்து பிள்ளைகளே தெரிவுசெய்யப்படுகிறார்கள். குழை தாழ்ப்பது எப்படி, எந்தக் குழை எந்தப் பயிருக்கு ஆகும் என்பதை அறிந்த அம்மம்மா அதைத் தமிழில்தான் சொல்வார். அதைக் கேட்டு எழுதிவரும் பிள்ளை, ஆங்கிலத்தில் தடுமாறுகிறவளாக இருக்கலாம். எனவே முதலில் தமிழில் பதிவுசெய்து, பிறகு மொழிபெயர்ப்பதே முறை.

வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் அதிபர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இணைப்புத் திட்டமுள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் தரம் 8 முதல் 10 வரையான மாணவர்கள், மாரி தொடங்குமுன் ஆரம்பித்துப் பங்குனி வரை, தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து எழுதட்டும். ஒரு கயிறும் அளவுநாடாவும் போதும். என் வளவுக் கிணற்றுக்கு இத்தகைய குறிப்புகளைப் பதினோர் ஆண்டுகளாக எழுதிவருகிறேன். கேட்கும் பாடசாலைகளுக்கு அவற்றைப் பிரதியெடுத்துத் தர ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
சண்டிலிப்பாய்