'நூறு மடங்கு வேகம்' என்று எழுதும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வரைகலைச் செயலிகள் (ஜிபியு) அறிவியல் ஆராய்ச்சியை எவ்வாறு மாற்றிவருகின்றன என்பது குறித்துக் கடந்த இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இத்துறையைப் பற்றிப் பொது வாசகர்களுக்கு எழுதுவோர் மிகச் சிலரே என்பதால் முதலில் என் நன்றி. ஆனால் 'நூறு மடங்கு வேகம்' என்ற தொடர், எதனோடு ஒப்பிட்டு என்ற விளக்கமே இல்லாமல், கட்டுரை நெடுகிலும் வந்துகொண்டிருக்கிறது. மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணிக்கும் நிரல்களை இந்தச் செயலிகளுக்காக மாற்றியெழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதைப் படிக்கும் ஆராய்ச்சி மாணவரோ, நிதி ஒதுக்கும் பொறுப்பில் உள்ளவரோ, அட்டையை வாங்கிப் பொருத்தினாலே வேகம் வந்துவிடும் என்று நம்பிவிடக்கூடும்.

கணினியின் வழக்கமான மையச் செயலியான சிபியுவின் ஒரே ஒரு கோரில் (கணக்கிடும் உள் அலகில்) ஓடும் பழைய நிரலை ஒரு பக்கமும், மாதக்கணக்கில் செதுக்கப்பட்ட ஜிபியு நிரலை மறுபக்கமும் வைத்தால், நூறு மடங்குக்கு மேலும் காட்டலாம். 2010இல் இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள், 14 வகைக் கணக்கீடுகளை இரு பக்கமும் நன்றாகச் சீரமைத்து ஓட்டிப் பார்த்தபோது கிடைத்த சராசரி வேறுபாடு 2.5 மடங்குதான். சிபியு விற்கும் நிறுவனத்துக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. அதன் பிறகு ஜிபியுக்களும் வெகுதூரம் வந்துவிட்டன. ஆயினும், இரு பக்கத்துக்கும் ஒரே அளவு உழைப்பைக் கொடுத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும் என்ற அவர்களின் முறை இன்றும் சரியானதே.

வேகம் உண்மையில் எங்கே தடைபடுகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஜிபியு தயாரிக்கும் என்விடியா நிறுவனத்தின் ஹெச்100 செயலி, இரட்டைத் துல்லியத்தில் (ஓர் எண்ணை 8 பைட்டில் வைக்கும் முறையில்) நொடிக்கு ஏறத்தாழ 34 லட்சம் கோடி கணக்கீடுகளைச் செய்யவல்லது. அதன் நினைவகமோ நொடிக்கு ஏறத்தாழ 3.35 லட்சம் கோடி பைட்டுகளைத்தான் கொடுக்கும். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்று வகுத்துப் பார்த்தால், கொண்டுவரும் ஒவ்வோர் எண்ணையும் வைத்து 80 கணக்கீடுகளாவது செய்தால்தான் செயலிக்கு முழு வேலை இருக்கும் என்று தெரியும். வெப்பப் பரவலையோ காற்றோட்டத்தையோ கணிக்கும் பெரும்பாலான நிரல்கள் ஓர் எண்ணை எடுத்து, நாலைந்து முறை கூட்டிப் பெருக்கிவிட்டு, அடுத்த எண்ணுக்குப் போய்விடுகின்றன. செயலி பெரும்பாலான நேரம் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே நிரலாளரின் திறமையில் பெரும்பகுதி எண்களை அடுக்கிவைக்கும் முறைக்கே செலவாகிறது. என்விடியா செயலிகளில் 32 இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் சிறு பணிகள்) ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே கட்டளையை நிறைவேற்றுகின்றன. அவை நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் 4 பைட் எண்களைக் கேட்டால், 128 பைட்டுகளும் ஒரே வீச்சில் வந்துவிடும். கேட்பவை சிதறிக் கிடந்தாலோ, ஒவ்வோர் இழைக்கும் 32 பைட் துண்டு ஒன்றைத் தனியே எடுத்துவந்து, அதில் 4 பைட்டை மட்டும் பயன்படுத்திவிட்டு மீதியை வீணாக்க நேரும். ஓர் அணுவின் இடம், திசைவேகம், நிறை, மின்னூட்டம் ஆகியவற்றை ஒரே கட்டாக வைப்பதுதான் எழுதுபவருக்கு இயல்பாக வரும். அதைக் கலைத்து, எல்லா அணுக்களின் எக்ஸ் ஆயங்களையும் ஓர் அணியிலும், ஒய் ஆயங்களை மற்றோர் அணியிலும் என்று பிரித்து வைத்ததுமே, சமன்பாட்டில் எதையும் தொடாமல் அந்தப் பகுதி பல மடங்கு விரைந்து ஓடியதைக் கண்டிருக்கிறேன்.

மீத்திறன் கணினிகளின் தரவரிசையிலும் இதே இடைவெளி தெரிகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் உள்ள ஃப்ரான்டியர் கணினி, பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கவைத்து வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையில் 2022 மே மாதம் 1.1 எக்ஸாஃப்ளாப், அதாவது 1,100 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டாஃப்ளாப் என்பது நொடிக்கு 10 கோடி கோடி கணக்கீடுகள்) எட்டியதைத் தங்கள் கட்டுரை சரியாகவே குறிப்பிடுகிறது. நினைவகத்தை அதிகம் நாடும் ஹெச்பிசிஜி என்ற மற்றொரு சோதனையில் அதே கணினி காட்டியது சுமார் 14 பெட்டாஃப்ளாப், அதாவது நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவு. லின்பேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் டொங்காராவே இந்தச் சோதனையை வடிவமைப்பதிலும் பங்கேற்றார்.

நிரலில் எவ்வளவு பகுதி மாற்றப்பட்டது என்பதும் முக்கியம். ஓட்ட நேரத்தில் 90 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் பகுதியை ஜிபியு நேரமே எடுக்காமல் முடித்தாலும், மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் முன்வைத்த வாதத்தின் சாரம் இது.

என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது விடையின் சரித்தன்மை. வேகத்துக்காகப் பலர், ஓர் எண்ணை 4 பைட்டில் மட்டும் வைக்கும் ஒற்றைத் துல்லியத்துக்கு மாறுகிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை போன்ற, கணினி விளையாட்டுக்கான அட்டைகளில் இரட்டைத் துல்லியத்தின் வேகம் ஒற்றையில் 64இல் ஒரு பங்குதான் என்பதால், வேறு வழியில்லாமலும் மாறுகிறார்கள். ஒற்றைத் துல்லியத்தில் 1,67,77,216 என்ற எண்ணோடு 1ஐக் கூட்டினால் விடை அதே 1,67,77,216தான். ஒரு மொத்தம் அந்த அளவை எட்டிய பிறகு, அதனோடு எத்தனை முறை ஒன்றைச் சேர்த்தாலும் அது நகராது. எந்தப் பிழைச்செய்தியும் வராது. பல்லாயிரம் இழைகள் ஒரே மொத்தத்தில் தம் பங்கைச் சேர்க்கும்போது, சேரும் வரிசை ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறுவதால் கடைசி இலக்கங்களும் மாறும். இவற்றைக் கையாள நல்ல முறைகள் உள்ளன: மொத்தங்களை மட்டும் இரட்டைத் துல்லியத்தில் வைக்கலாம், மொத்த ஆற்றல் மாறாமல் நிற்கிறதா என்று நீண்ட ஓட்டங்களில் சோதிக்கலாம். இந்தச் சோதனைகளுக்கு ஆகும் காலத்தை எந்த வேகக் கணக்கும் சேர்த்துக்கொள்வதில்லை.

ஓக் ரிட்ஜிலேயே 2012இல் வந்த டைட்டனிலும் அதன் பின் வந்த சம்மிட்டிலும் என்விடியா செயலிகள் இருந்தன. ஃப்ரான்டியரில் இருப்பவை போட்டி நிறுவனமான ஏஎம்டியின் செயலிகள். என்விடியா செயலிகளுக்கே உரிய குடா என்ற நிரலாக்க முறையில் எழுதியவை, ஏஎம்டி செயலிகளிலும் ஓடும் ஹிப் போன்ற வேறொன்றுக்கு மாற்றப்பட வேண்டியிருந்தது. கணினி சில ஆண்டுகளில் ஓய்வுபெறுகிறது. அறிவியல் நிரலோ பத்து, இருபது ஆண்டுகள் வாழ்கிறது. அதைக் காப்பாற்றிவருவோர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். அவர்கள் பட்டம் பெற்றுப் போனதும், அடுத்து வருபவர் அந்த நிரலை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. கருவி வாங்கும் நிதியோடு நிரலாளருக்கான நிரந்தரப் பணியிடங்களும் சேர்ந்தே ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வேலையைச் செய்வோரிடமே கேட்டு ஒரு கட்டுரையைத் தாங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் கணக்கீட்டுத் துறையில் பணிபுரியும் வாசகர்