பினாங்கிலிருந்து அண்ணனுக்கு

பினாங்கு,
20 நவம்பர் 1914

அன்புள்ள அண்ணாவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம். அம்மா, அண்ணி, பாப்பா, குழந்தைகள் எல்லாருடைய நலத்துக்கும் எழுத வேண்டியது.

நீங்கள் புரட்டாசியில் போட்ட கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலுக்குப் பயந்து கப்பல்கள் அந்தந்தத் துறைமுகத்திலேயே கிடந்தன. ஆனால் அதற்கு முன்பும் நான் எழுதவில்லையே, அது என் தப்புதான். அம்மா தபால்காரன் வரும் நேரத்துக்குத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

சென்னப்பட்டணத்தில் எம்டன் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டி எரிந்ததைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா மூட்டை முடிச்சோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றீர்களே, அதே கப்பல் இங்கேயும் வந்தது, அண்ணா. தீபாவளி கழிந்து பத்தாம் நாள், அக்டோபர் 28, விடிந்தும் விடியாத நேரம். அதற்கு மூன்று புகைபோக்கிதான். நாலாவதாக ஒன்றைத் துணியால் கட்டி, இங்கிலீஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டு உள்ளே நுழைந்துவிட்டது. துறையில் நின்ற ஜெம்சுக் என்ற ருஷ்யப் போர்க்கப்பலை அடித்தது. முதல் சத்தத்தை இடி என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். அடுத்த வெடிக்கு அறைக் கதவே ஆடியது. கரைக்கு ஓடிப் பார்த்தால் கப்பலைக் காணோம், தண்ணீருக்கு மேலே கொடிமரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. எண்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். திரும்பிப் போகும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டுப் போயிருக்கிறது.

சம்பான் படகுக்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்தவர்களில் ஒரு பையனுக்கு நான் காப்பி கொடுத்தேன். உடம்பெல்லாம் கரி எண்ணெய், ஒரு காலில் மட்டும் சப்பாத்து. குவளையை இரண்டு கையாலும் பிடித்தான், அப்படியும் பாதி கீழே சிந்தியது. நம் தலையாரி மகன் வயசுதான் இருக்கும்.

பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். தன் சவப்பெட்டியைத் தானே செய்து முன்னறையில் வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மெழுகெண்ணெய் பூசுகிறவர். அன்று சாயங்காலம் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் புரிகிற மலாயில், "அந்தப் பிள்ளைகளுக்கு யார் பெட்டி செய்வார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரவு முழுக்கத் தூக்கமும் இல்லை. எனக்கு இங்கே ஒன்று ஆனால் உங்களுக்கு யார் எழுதுவார்கள், அண்ணா? நம் வீட்டு விலாசம் இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது ஒரு காகிதத்தில் எழுதிக் கிழவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

இனி பயமில்லை. இந்த மாதம் 9ஆம் தேதி கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று எம்டனை ஒழித்துவிட்டது. கப்பல்கள் மறுபடி ஓடுகின்றன.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ரங்கூன் அரிசிதான், புழுங்கல் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கருவாட்டுக் குழம்பு நானே வைக்கிறேன், ஆனால் அண்ணி கைப்பக்குவம் வரவில்லை. சண்டை வந்ததிலிருந்து ஈயம் வாங்க ஆளில்லை, தோட்டத்துக்கு ஆள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் கிட்டங்கியில் மூட்டை எண்ணும் வேலை எனக்கு வாரத்தில் நாலு நாள்தான், நல்ல ஓய்வு. காதில் கடுக்கன் இல்லை என்று மேலத்தெரு அத்தை மகன் ஊரில் வந்து சொன்னானாமே. மழையில் காது புண்ணாகிவிட்டது, அதனால் கழற்றி வைத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

செட்டியார் உண்டியலில் இந்த ஊர்ப் பணம் 12 வெள்ளி அனுப்பியிருக்கிறேன், நம் பணத்தில் 21 ரூபாய் வரும். பாப்பா கல்யாணத்துக்கு இது எந்த மூலைக்கு என்று எனக்கும் தெரியும். அதற்காக மடையோரத்து நிலத்தை ஒத்திக்கு விட்டுவிடாதீர்கள். அப்பா காலமாவதற்கு முன் கடைசியாக நாற்று நட்ட இடம் அது. மாப்பிள்ளை வீட்டாரைத் தை வேண்டாம், வைகாசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள். பெரிய மாமா கூட வந்தால் மறுக்க மாட்டார்கள். சித்தப்பாவிடம் கைமாற்றாகவும் கேட்காதீர்கள், ஓடி வந்தவர் கையில் என்ன இருக்கும்? அப்புறம், கொல்லைக் கிணற்றுச் சுவரை இந்த மழைக்குள் கட்டிவிடுங்கள், குழந்தைகள் ஓடுகிற இடம். கார்த்திகைக்கு என் பங்குக்கும் ஒரு விளக்கு ஏற்றச் சொல்லுங்கள். நிலத்தைப் பற்றி உடனே பதில் போடுங்கள்.

தங்கள் தம்பி