மொரீசியஸ் பயணத்தில் நான்காம் நாள் சுற்றுலா நடக்கவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திசையன்விளை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: மொரீசியஸ் 5 இரவு திட்டம் – நான்காம் நாள் தென்பகுதிச் சுற்றுலா – பணம் திரும்பக் கோருதல் – தங்கள் ஊழியர் பேசிய பேச்சு குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. முதல் ஐந்தையும் மெயிலில் அனுப்பினேன். ஐந்துக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் எழுதியது கருத்து இல்லை, புகார். அதனால் இந்த முறை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புகிறேன்.

நான்காம் நாளில் என்னென்ன இடங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே அச்சடித்துக் கொடுத்த தாளில் இருக்கிறது. கியூர்பிப் எரிமலை வாய், கிராண்ட் பேசின், பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு, சாமரெல் அருவி, ஏழு நிற மண். கடைசி இரண்டும் எங்கள் கண்ணிலேயே படவில்லை. முதல் இரண்டையும் பார்த்தோம் என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை.

போன மாதம் 17ஆம் தேதி, உங்கள் சென்னை அலுவலகத்தில் என்னிடம் பேசியவர் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். இருபது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு லைனுக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், மண்ணப் பாக்கவா அவ்வளவு செலவு பண்ணி ஃபாரின் போனீங்க? உங்க ஊர்லயே தேரி இருக்குல்ல, அதுவும் செவப்பா தான இருக்கும், அங்க போய்ப் பாத்துக்கோங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் எனக்குக் கேட்டது.

தேரி எனக்குத் தெரியாதா? இட்டமொழித் தேரியில் விளையாடி வளர்ந்தவன் நான். எங்கள் தேரி, மேல்காற்று வாரிக் குவித்த மணல். மணல் துகளின் மேல் இரும்பு ஆக்ஸைடு பூசினாற்போல் ஒட்டியிருப்பதால் சிவந்து கிடக்கிறது. சாமரெலில் இருக்கும் ஏழு நிற மண் அப்படி வந்ததல்ல. எரிமலைக் குழம்பு ஆறி பசால்ட் பாறையாகி, வெப்பத்திலும் மழையிலும் மக்கிக் களிமண்ணாகி, கரையக்கூடியது எல்லாம் கரைந்து போனபின் மிஞ்சிய இரும்பு, அலுமினிய ஆக்ஸைடுகள் அவை. இரும்பால் சிவப்பும் பழுப்பும், அலுமினியத்தால் நீலமும் ஊதாவுமாக நிறம் பிரிந்து, மேடு மேடாக நிற்கிறது. 31 வருடம் இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வுப் பணத்தில் 1,86,000 ரூபாய் எடுத்து உங்களிடம் கட்டினேன். விற்பது உங்கள் நிறுவனம், அது எந்த மண் என்று உங்கள் ஆளுக்கே தெரியவில்லை என்றால் எப்படி ஐயா?

சரி, அன்று நடந்ததைச் சொல்கிறேன். காலை 8.30க்கு வண்டி வரும் என்றீர்கள். 10.10க்கு வந்தது. உங்கள் ஆட்கள் கொடுத்த பட்டியலில் ஹோட்டல் பெயரே தப்பு என்று ஓட்டுநர் எங்களிடம் காட்டினார். நேரே எரிமலைக்குப் போகவில்லை. கியூர்பிப்பில் மரத்தால் கப்பல் பொம்மை செய்து விற்கும் கடையில் 1 மணி 20 நிமிடம். அப்புறம் வைரக் கடையில் 50 நிமிடம். ஓய்வூதியக்காரனுக்கு வைரக் கடையில் என்ன வேலை? "சைவ இந்திய உணவு" என்று போட்டிருந்தீர்கள். கிடைத்தது உருளைக்கிழங்கு வறுவல். அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அதற்கும் காத்திருந்து மூன்று மணி ஆகிவிட்டது.

ஓட்டுநரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பெயரில் முருகன் இருந்தது. வாயில் தமிழ் இல்லை. கேட்டதற்குத் தெரிந்த இங்கிலீஷில் வெளிப்படையாகச் சொன்னார்: கடைகளுக்குக் கூட்டிப் போகாவிட்டால் மறுநாள் தனக்கு வண்டி கொடுக்க மாட்டார்கள் என்று. ஆக, எங்கள் நேரத்தைக் கடைக்காரருக்கு விற்றது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எரிமலை வாயில் பத்தே நிமிடம். அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் நன்றியோடுதான் இருக்கிறேன். கரும்பலகையில் எரிமலை வாயை எத்தனை முறை வரைந்திருப்பேன்! சிவப்பு சாக்பீஸில் தீயும் புகையுமாகத்தான் வரைவேன். அங்கே எட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க மரம். சரிவெல்லாம் பச்சை, அடியில் கொஞ்சம் தண்ணீர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 605 மீட்டர் உயரத்தில், அவிந்து போன எரிமலையின் விளிம்பில் நின்றுகொண்டு, இனி ஒரு வகுப்பு கிடைத்தால் பச்சை சாக்பீஸ் எடுத்து வரைவேனே என்று நினைத்தேன். அதற்குள் ஹாரன் அடித்தாகிவிட்டது.

கிராண்ட் பேசினில் நடந்ததை என் மனைவியால் இன்னும் மறக்க முடியவில்லை. அதுவும் எரிமலை வாயில் தேங்கிய ஏரிதான். அங்குள்ளவர்கள் கங்கா தலாவ் என்று கும்பிடுகிறார்கள். 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து அதில் கலந்திருக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து, நம் தாமிரபரணியும் அங்கே சேரட்டும் என்று பாபநாசத்தில் எடுத்த தண்ணீரை ஒரு சின்னச் செம்பில் அடைத்து, துணி சுற்றி, பெட்டியில் வைத்து அங்கே வரை கொண்டுவந்தாள். வண்டியோ சாலையோரம் இருக்கும் 33 மீட்டர் சிவன் சிலையடியில் நின்றது. "இதுதான் இடம், போட்டோ எடுங்க." எட்டு நிமிடம். ஏரிக்கரைக் கோவில் கொஞ்ச தூரத்தில் தெரிகிறது. முட்டுவலிக்காரி அவள். "ஒரு நிமிஷம் இருங்க தம்பி, தண்ணிய ஊத்திட்டு வந்துருதேன்" என்று தமிழிலேயே கெஞ்சினாள். இனி நின்றால் சாமரெல் கிடையாது என்று ஏற்றிவிட்டார்கள். அப்புறம் பிளாக் ரிவர் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்த இடத்தில், போய்ச் சேர்வதற்குள் கேட் மூடிவிடும் என்று வண்டியைத் திருப்பியும் விட்டார்கள். ஏரியும் போச்சு, சாமரெலும் போச்சு. செம்பு அடைத்தது அடைத்தபடி எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது.

இதற்கு உங்கள் நிறுவனம் கொடுத்த நிவாரணம், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள 2,000 ரூபாய்க்குக் கூப்பன். எங்களுக்கு அடுத்த பயணம் என்று ஒன்று இல்லை ஐயா. இரண்டு பேர் ஆயுசுக்கும் சேர்த்து இருந்த ஒரே வெளிநாட்டுப் பயணத்தை நாசம் செய்துவிட்டீர்கள்.

உங்கள் திருநெல்வேலி கிளைக்கு மூன்று முறை வந்தேன். மூன்றாவது முறை, மேலாளரே 11 மணிக்கு வரச் சொன்னார். கடைசி நேரத்தில் லேட்டாகிவிடக் கூடாது என்று காலை ஏழு மணிக்கே பஸ் ஏறினேன். 11 மணி முதல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணிக்கு வாசல் காவலர்தான் பாவப்பட்டு வந்து, "அண்ணாச்சி, மேனேஜர் ஒரு மணிக்கே பின்வாசல் வழியா கிளம்பிட்டாவளே, ஒங்கட்ட ஒருத்தரும் சொல்லலியா?" என்றார். ஒருவரும் சொல்லவில்லை. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டவரும் அந்தக் காவலர் ஒருவர்தான். அவர் மேல் தயவுசெய்து நடவடிக்கை எடுத்துவிடாதீர்கள்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ரசீதில் நீங்களே தனியாகக் காட்டியுள்ள நான்காம் நாள் கட்டணம், இரண்டு பேருக்கு 14,500 ரூபாய். மூன்று முறை வந்துபோன பஸ் கட்டணம். தேரி மண்ணைப் பார்க்கச் சொன்னவரிடமிருந்து எழுத்தில் ஒரு வருத்தம். பெரிய மனது வைத்து 15 நாளில் முடித்துக் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடுவேன்.

இல்லாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியவர்கள் நாங்கள் இல்லை, இங்கே வர வேண்டியவர்கள் நீங்கள். சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. அங்கே கேட்கும்போது 14,500 மட்டும் கேட்க மாட்டேன், மன உளைச்சலுக்கும் சேர்த்துத்தான் கேட்பேன். கடை வாசலிலும் சிலையடியிலும் எடுத்த போட்டோக்களில் நேரம் பதிவாகியிருக்கிறது. எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவு கோபமாக எழுதுவது எனக்கே பழக்கமில்லை. உங்கள் விமான டிக்கெட், ஹோட்டல், மற்ற நாட்கள் எதிலும் குறை இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து என் மனைவி கண் கலங்கினாள். ஊருக்கு வந்து எல்லோரிடமும் காட்டினோம். யாரும் போய் வரலாமா என்று கேட்டால்தான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருக்கிறோம்.

பயணத் தாள், ரசீது, போட்டோ நகல்கள் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திசையன்விளை.