ஹேண்டிலை ஒரு விரற்கடை உயர்த்தினால்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி வீட்டில் கீழ்த்தட்டில் எதையும் வைக்க முடியாது, தயாராக இரு. எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம். கண்ணாடி மட்டும் மாற்றினேன். இப்போதுதான் தெரிகிறது, இத்தனை நாள் பாதியைக் குத்துமதிப்பாகத்தான் படித்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "வண்டியை விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன்" என்று, அதற்குத்தான் இந்தப் பதில். ஒரு மணி நேரம் ஓட்டினாலே உள்ளங்கை மதமதக்கிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது, தோள்பட்டைகளுக்கு நடுவில் குத்துகிறது. இதற்கு வயசைக் காரணம் சொல்லியிருக்கிறாய். வயசு இருக்கட்டும்டா, முதலில் பைக்கின் ஹேண்டிலைப் பார். எனக்கும் இதே கதைதான்.

கைப்பிடி தாழ்வாகவும் தூரமாகவும் இருந்தால் முதுகு முன்னால் சாய்கிறது. சாய்ந்த உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது. சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டுக்குக் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். வேகமாகப் போகும்போது எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்வதால் அவ்வளவாகத் தெரியாது. நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் முழுப் பாரமும் கைக்கு வரும். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய், சிக்னலுக்குச் சிக்னல் கையை உதறுகிறேன் என்று.

உடனே கடைக்கு ஓடாதே. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார். கண்ணை மூடிக்கொண்டு, தோளைத் தளர்த்தி, கை தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே நிறுத்து. பிறகு கண்ணைத் திற. உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உன் கணக்கு. எனக்கு மகள் ஸ்கேல் வைத்து அளந்தாள். மேலே 25 மி.மீ., பின்னால் 20 மி.மீ. இவ்வளவுக்கா இத்தனை மாத வலி என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம் காசில்லாத வேலை. உன் வண்டியில் ஒரே குழாய் ஹேண்டில்தானே? அதைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினால் குழாயையே உன் பக்கமாகச் சற்று உருட்டலாம். உருட்டுவதற்கு முன் பழைய நிலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள், பிடிக்காவிட்டால் திரும்ப வைக்க உதவும். அதிகமாக உருட்டாதே. கைப்பிடி நுனிகள் தொங்கிப்போய் முழங்கை விலாவில் இடிக்கும். கிளட்ச், பிரேக் லீவர்களின் சாய்வையும் பார். லீவர் மேல் விரலை வைத்தால் விரல், மணிக்கட்டு, முன்கை மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கு. என் வலியில் பாதி இந்த ஒரு சாயங்கால வேலையிலேயே போய்விட்டது.

அதோடு நின்றிருக்க வேண்டும். நின்றேனா? பாதி போனதும் மீதியும் உடனே போக வேண்டும் என்று 50 மி.மீ. ரைசர், அதுதான் ஹேண்டிலை உயர்த்த அடியில் வைக்கும் துண்டு, வாங்கிவிட்டேன். அளந்தது 25, வாங்கியது 50. என் புத்தி உனக்குத் தெரியாததா? மெக்கானிக் அரை மணியில் மாட்டிக் கொடுத்தார். உட்கார்ந்தால் சிம்மாசனம் மாதிரி இருந்தது. நேர் சாலையில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் யூ டர்ன் எடுக்க ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடித்தேன். ஆக்சிலேட்டரை நான் திருகவே இல்லை, வண்டி தானாக உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஏதோ பழக்கத்தில் கிளட்சைப் பிடித்தேன், பிழைத்தேன். இடது கால் தரையில் இழுபட்டுச் செருப்பு அறுந்தது, அவ்வளவுதான் சேதம். பிறகு பார்த்தால், ஆக்சிலேட்டர் கேபிள் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது. ஹேண்டில் 50 மி.மீ. மேலே போனது, கேபிள் பழைய நீளம்தானே? திருப்பினால் அது இழுபட்டு, தானே ஆக்சிலேட்டரைத் திறந்துவிடுகிறது. மாட்டியவரும் திருப்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அதனால் ரைசர் போட்டால், சாலையில் இறங்கும் முன் வண்டியை ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஓட விட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பார். எஞ்சின் சத்தம் ஒரு துளிகூட மாறக் கூடாது. இரண்டு கோடியிலும் கிளட்ச் லீவரில் அந்தச் சின்ன ஆட்டம் இருக்க வேண்டும். வயர்க் கட்டு எங்கும் இறுகக் கூடாது, கைப்பிடி டேங்கில் இடிக்கக் கூடாது. பிரேக் ஆயில் போகும் குழாயான ஹோஸை மட்டும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால்) முழுக்கத் தொங்கும் நிலையில் திருப்பிப் பார். பள்ளத்தைத் தாண்டும்போது சக்கரம் அப்படித்தான் கீழே இறங்கும். அப்போது ஹோஸ் இழுபட்டால் ஆபத்து. கேபிள் இறுகினால் பல நேரம் அது போகும் வழியை மாற்றி விட்டாலே போதும், வளைந்து போகிற இடத்தில் கொஞ்சம் நீளம் மிச்சமாகும். ஹோஸ் போதவில்லை என்றால் நீளமான ஹோஸ்தான், வேறு வழியில்லை. அதை மாற்றினால் செம்பு வாஷர்களும் புதிதாக வேண்டும், பிரேக் ஆயிலில் இருக்கும் காற்றையும் எடுக்க வேண்டும். தெரிந்தவரிடம் கொடுத்துவிடு. அந்த ஆயில் டேங்க் மேல் சொட்டினால் பெயின்ட் போய்விடும், பழைய துணியைப் போர்த்தச் சொல்.

ரைசர் வாங்கும்போது குழாயின் தடிமனைச் சொல்லி வாங்கு, 22 மி.மீ.க்கும் 28 மி.மீ.க்கும் ஒன்று இன்னொன்றில் உட்காராது. போல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். நாலு மரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிற போல்ட்டை நம்பி ஹேண்டிலைப் பிடிக்காதே. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். அந்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு தரம் பார்.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லாதது. ஃபோர்க் சாய்ந்திருப்பதால் ரைசரும் அதே சாய்வில்தான் ஏறும். 30 மி.மீ. ரைசர் போட்டால் கைப்பிடி ஏறக்குறைய 12 மி.மீ. பின்னாலும் வரும். நமக்கு அது லாபம்தான். ஆனால் நிமிர நிமிரப் பாரம் பின்னால் போகும், வேகத்தில் முன் சக்கரம் லேசாகத் தெரியும், காற்று முழுக்க நெஞ்சில் அறையும். குழியில் விழுந்தால் அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டில் ஏறும். சாய்ந்து உட்கார்ந்தபோது இடுப்பு கொஞ்சம் வாங்கிக்கொண்டது, நட்டுவைத்த கம்பு மாதிரி உட்கார்ந்தால் அது வாங்காது. அந்த 50 மி.மீ. ரைசரில், கேபிளைச் சரிசெய்த பிறகும், எனக்கு மணிக்கட்டு வலி போய் நடு இடுப்பில் வலி வந்தது. கழற்றிவிட்டு 25 போட்டேன். இப்போது நாலு மணி நேரம் ஓட்டுகிறேன், நடுவில் இரண்டு டீ.

முழங்காலால் டேங்கைப் பிடித்து ஓட்டும் பழக்கத்தை விட்டுவிட்டாயா? முன்பெல்லாம் நீதான் எனக்குச் சொல்வாய். டேங்கைப் பிடித்தால் கைக்கு வேலை குறையும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடி அளந்து பார்த்து எண்ணை எழுதி அனுப்பு. விற்பதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம். அந்த 50 மி.மீ. ரைசர் சும்மாதான் கிடக்கிறது, இந்தத் தாள் பறக்காமல் அதைத்தான் மேலே வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டாலும் அனுப்ப மாட்டேன்.

என்றும் உன்,
பழைய பின்சீட்டுக்காரன்