இரண்டு முறை கேட்ட பிறகும் தட்டில் மீன் வந்தது பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சைவம் என்று உறுதி சொல்லிப் பரிமாறிய ஒரெக்கியெத்தே பாஸ்தாவில் நெத்திலி மீன் இருந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு என் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக உங்கள் தென் இத்தாலிய உணவகத்துக்கு நாங்கள் நான்கு பேர் வந்திருந்தோம். பிறந்ததிலிருந்து மீனோ இறைச்சியோ முட்டையோ தொடாதவர் என் அம்மா. அன்று உங்கள் சமையலறையிலிருந்து வந்த தட்டில் பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகுதான் அதில் நெத்திலி இருப்பது தெரிந்தது. இதை உங்கள் கிளை மேலாளரிடம் அன்றே சொன்னேன். அவர் கொடுத்த பதில் எனக்குப் போதவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் உணவகத்தை ஏதோ போகிற வழியில் கண்ணில் பட்டது என்று நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அம்மாவை எங்கே அழைத்துப் போவது என்று இரண்டு வாரம் யோசித்தேன். இத்தாலியின் வடக்கே, எமிலியா ரொமாஞ்ஞா பக்கம், பாஸ்தா மாவில் முட்டை சேர்த்துப் பிசைவார்கள். தெற்கே பூலியாவில் துரும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். ஒரெக்கியெத்தே அப்படிச் செய்வது. பாரி நகரத்தின் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, மாவுத் துண்டைக் கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்து, சின்னக் காது மாதிரி செய்து விற்கிறார்கள். அந்த வீடியோவை அம்மாவுக்குக் காட்டியபோது நாலைந்து முறை திரும்பத் திரும்பப் பார்த்தார். “விரல் எவ்வளவு வேகமாப் போகுது பாரு” என்றார். முட்டை இல்லாத பாஸ்தா, காய்கறியும் கீரையும் பருப்பும் நிறைந்த சமையல் என்பதால்தான் தென் இத்தாலிய உணவகமாகத் தேடி உங்களிடம் வந்தோம்.

வியாழக்கிழமையே போன் செய்து மேசை பதிவு செய்தேன். அப்போதே தெளிவாகச் சொன்னேன்: ஒருவர் முழுச் சைவம், முட்டையும் கூடாது. சீஸ் பற்றியும் நானாகத்தான் கேட்டேன். பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது அதன் விதி. பெகொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியினுடையது. அதனால் அம்மாவின் தட்டில் சீஸ் வேண்டாம் என்றேன். போனில் பேசியவர் நன்றாகவே பேசினார். “கவலைப்படாதீங்க மேடம், தெற்கில் ஏழைகள் சீஸுக்குப் பதிலாக வறுத்த ரொட்டித்தூள்தான் தூவுவாங்க, நாங்களும் அதையே போட்டுத் தர்றோம்” என்றார். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்தச் சமையலைத் தெரிந்தவர் கையில்தான் ஒப்படைத்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை இரவு மேசைக்கு வந்த இளைஞரிடம் மறுபடி கேட்டேன். மெனு கார்டில் ஒரெக்கியெத்தேக்குப் பக்கத்தில் பச்சை இலைக் குறி இருந்தது. கீழே எழுதியிருந்தவை: கசப்புக் கீரை, பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெய். பூலியாவில் சீமெ தி ராபா என்னும் அந்தக் கீரையோடு நெத்திலியும் சேர்ப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியும். அதனால் பொதுவாகக் கேட்காமல், பெயர் சொல்லியே கேட்டேன்: “இதில் ஆஞ்சோவி போடுவீங்களா?” அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இல்லை மேடம், இது வெஜ்தான், இலைக் குறி இருக்கு பாருங்க” என்றார். உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

நன்றாக இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்த கபொனாத்தா என்னும் புளிப்பு-இனிப்புக் கறியில் கத்தரிக்காய் குழையாமல் இருந்தது, வினிகரும் சர்க்கரையும் சரியான அளவில் நின்றன. அம்மா ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தே சாப்பிட்டார். என் மகனுக்கு வந்த மரினாரா பீட்சாவின் விளிம்பு உப்பி, ஆங்காங்கே கருத்த புள்ளிகளோடு இருந்தது. விறகு அடுப்பின் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்தால்தான் அப்படி வரும். அந்தப் பீட்சாவின் பெயரில்தான் கடல் இருக்கிறது, மேலே தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் தவிர வேறு எதுவும் கிடையாது. அதை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இதையும் நீங்கள் சாப்பிடலாம் என்று ஒரு துண்டு வைத்தேன்.

அப்புறம் பாஸ்தா வந்தது. அம்மா மெதுவாகச் சாப்பிடுபவர். ருசி புதிதாக இருக்கிறது, கீரையின் கசப்பு பிடித்திருக்கிறது என்றார். பாதிக்கு மேல் ஆனதும் தட்டை என் பக்கம் நகர்த்தி, “நீயும் கொஞ்சம் எடுத்துக்கோ” என்றார். நான் மீன் சாப்பிடுபவள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. உப்பில் ஊறிய நெத்திலியை எண்ணெயில் வதக்கினால் அடிநாக்கில் நிற்கும் ஒரு கனமான உப்பு ருசி உண்டு, அது வேறு எதிலும் வராது. தட்டை விளக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாஸ்தாவின் குழியிலும் ரொட்டித்தூள் தங்கியிருந்தது. ஒரு குழியில் ரொட்டித்தூளோடு ஒட்டிக்கொண்டு, நூல் தடிமனில், பழுப்பாக ஒரு சின்ன இழை. முள்கரண்டி முனையால் அதைப் பிரித்து எடுத்தேன். வெள்ளித் தோல் ஒரு பக்கம் பளபளத்தது.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். “நிஜமாவே மீனா?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்து வாயை ஆறேழு முறை கொப்பளித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “விடு, யாரையும் ஒண்ணும் சொல்லாதே, பையன் சின்னப் பையன்” என்றார். மறுநாள் மதியம் வரை தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அது உண்மை. ஆனால் எழுபது வருடமாக ஒருவர் தானே விரும்பிக் காப்பாற்றி வந்த ஒன்றை, அவரிடம் கேட்காமலேயே நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

உங்கள் பரிமாறுபவர் முதலில் சொன்னது: “மீன் துண்டு எதுவும் போடலை மேடம், அது சும்மா ஒரு ஃபிளேவர்தான்.” இந்தப் பதில் எனக்கு மிகவும் வலித்தது. நெத்திலி சூட்டில் எண்ணெயோடு கரைந்துவிடும், துண்டாகக் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்தச் சமையலில் அதைப் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மீன் மீனல்லாமல் போய்விடாது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு சமையல்காரர் வந்தார். அவர்தான் உள்ளதைச் சொன்னார். அம்மாவின் பாஸ்தாவைத் தனி வாணலியில், நெத்திலி போடாமல்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ரொட்டித்தூள் காலையிலேயே ஒரு பெரிய தட்டு நிறைய, நெத்திலி கரைத்த எண்ணெயில் வறுத்து வைக்கப்படுகிறது. தெற்கில் பல வீடுகளில் அப்படிச் செய்வது உண்டு, அதில் தவறில்லை. சீஸ் வேண்டாம் என்று சொன்னதும், அதற்குப் பதிலாக அந்தத் தட்டிலிருந்தே இரண்டு கரண்டி அள்ளித் தூவியிருக்கிறார்கள். அதாவது, அம்மாவுக்காகச் செய்த மாற்றத்தில்தான் மீன் வந்திருக்கிறது. அவர் அம்மாவின் பக்கத்தில் குனிந்து நின்று, “மன்னிச்சிடுங்கம்மா, எனக்கு யாரும் சொல்லலை, ‘நோ சீஸ்’னு மட்டும்தான் சீட்டில் எழுதியிருந்தது” என்றார். அந்த மேசைக்கு வந்து உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். இந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக மேலாளர் வந்தார். பாரம்பரிய ரெசிப்பி அப்படித்தான், மாற்ற முடியாது என்றார். பாஸ்தாவை பில்லில் இருந்து எடுத்துவிட்டு, சமாதானத்துக்கு என்று திராமிசு என்னும் இனிப்பு ஒன்றை அனுப்பினார். திராமிசுவின் கிரீமில் முட்டை மஞ்சள் கரு சேரும். முட்டை கூடாது என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்த மேசைக்கு அது வந்தது. யாரும் எங்கள் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை என்பது அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. தொடாமல் திருப்பி அனுப்பினோம்.

பாரம்பரியம் என்ற சொல்லை நான் மதிக்கிறேன். ரெசிப்பியை மாற்றச் சொல்லவும் இல்லை. உங்கள் சுவரில் “அசல் தெற்கு, அப்படியே” என்று பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். அசல் தெற்கில், அதாவது நாப்போலியிலோ பாரியிலோ பாலெர்மோவிலோ இன்று ஒரு உணவகம் நடத்தினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒன்றுக்கும் கட்டுப்பட வேண்டும். ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய 14 வகைப் பொருள்கள் உணவில் இருந்தால், பொட்டலத்தில் மட்டுமல்ல, உணவகத் தட்டுக்கும் அந்தத் தகவல் கொடுக்கப்பட வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பதினான்கில் மீன், முட்டை, பால் மூன்றும் உண்டு. சமையலை அங்கிருந்து எடுத்து வந்தவர்கள் இதையும் எடுத்து வந்திருக்கலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அன்று அந்த நாற்காலியில் மீன் ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தை உட்கார்ந்திருந்து, அதன் அப்பா என்னைப் போலவே இரண்டு முறை கேட்டு, இதே பதிலை நம்பியிருந்தால்? தொண்டை வீங்கி மூச்சு அடைக்க அதிக நேரம் ஆகாது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வரவில்லை.

நான் கேட்பது பணமோ இலவசச் சாப்பாட்டுக் கூப்பனோ இல்லை. அந்த இலைக் குறியை, ரொட்டித்தூள் சரியாகும் வரை, ஒரெக்கியெத்தேயின் பக்கத்திலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். நெத்திலி சேராத ரொட்டித்தூளை வேறு பாத்திரத்தில், பெயர் ஒட்டி வையுங்கள். வெறும் எண்ணெயில் வறுத்தாலும் அது மொறுமொறுப்பாகத்தான் இருக்கும், பத்து நிமிட வேலை. மற்ற உணவுகளையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள்: அமால்ஃபிக் கரையில் செத்தாரா என்னும் ஊரில் நெத்திலியை உப்பில் அழுத்தி வடிக்கும் கொலத்தூரா என்ற திரவத்தை உங்கள் அலமாரியில் பார்த்தேன். அது எந்தெந்தக் காய்கறித் தட்டில் சொட்டுகிறது என்று மெனுவில் எங்கும் இல்லை. சமையலறைக்குப் போகும் சீட்டில் “நோ சீஸ்” என்று மட்டும் எழுதாமல், ஏன் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘சைவம், மீன் கூடாது, முட்டை கூடாது’ என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்தச் சமையல்காரர் கை அந்தத் தட்டின் பக்கமே போயிருக்காது. எல்லாவற்றையும்விட, தெரியாத கேள்விக்கு “உள்ளே கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லப் பரிமாறுபவர்களுக்குப் பழக்குங்கள். அப்படிச் சொல்பவரை எந்த வாடிக்கையாளரும் குறைவாக நினைக்க மாட்டார்.

அம்மாவிடம் உங்கள் நிறுவனம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற அச்சடித்த வரி வேண்டாம். என்ன நடந்தது, யார் கவனிக்கத் தவறினார்கள், என்ன மாற்றினீர்கள் என்று இருக்க வேண்டும். தமிழில் இருந்தால் அவரே படித்துக்கொள்வார்.

பில்லின் நகல், இலைக் குறியோடு உள்ள மெனு பக்கத்தின் படம், அந்த இழையைத் தட்டின் ஓரத்தில் வைத்து எடுத்த படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை பேசிய அழைப்பின் நேரம் என் போனில் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடமும் நுகர்வோர் மன்றத்திடமும் இதே கடிதத்தைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை இரவு ஜன்னலோர மேசையில் பிறந்தநாளுக்கு வந்திருந்தவரின் மகள்

இணைப்பு: படங்கள் இரண்டு, பில் நகல் ஒன்று