தரங்கம்பாடிக்கு ஒரு காலைப் பொழுது கொடுங்கள்: சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரே நாளில் சுற்றிவிட்டுப் போகும் பள்ளிப் பேருந்துகளைப் பொறையாரில் நின்று பார்க்கிறவன் நான். அந்தப் பட்டியலில் தரங்கம்பாடிக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். பிள்ளைகள் டேனிஷ் கோட்டையின் மேல்தளத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், ஐஸ் வாங்குகிறார்கள், ஹாரன் சத்தம் கேட்டதும் ஓடுகிறார்கள். ஓர் ஊரைக் குறைத்துக்கொண்டு, இங்கே ஒரு காலைப் பொழுதை முழுதாகக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கோட்டையில் தொடங்காதீர்கள். ஊர் முகப்பில் இருக்கிற நுழைவாயிலில் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். 1792இல் கட்டியது, டென்மார்க் அரசரின் முத்திரை இன்னும் அதன் மேல் இருக்கிறது. அங்கிருந்து ராஜ வீதியில் கடலைப் பார்த்து நேராக நடந்தால் போதும்.

வழியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் வரும். சீகன்பால்கு அதற்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். அங்கே பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்லுங்கள். கிறித்தவ சமயத்தைப் பரப்ப 1706இல் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மானிய இளைஞர், மிஷனரி அவர். தமிழ் கற்க வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே அழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

அப்புறம் அச்சுக்கூடம். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் இங்கே வந்து சேர்ந்தன. ஆனால் எழுத்து பெரிது, காகிதத்துக்கோ பஞ்சம். ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1715இல் பைபிளின் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகி முடிந்தது. அதற்கு முன் எந்த இந்திய மொழியிலும் அது அச்சானதில்லை. காகிதம் செய்யவும் ஒரு பட்டறை போட்டார்கள். பொறையார் பக்கம் கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடம் இன்றும் உண்டு. ‘இந்தியாவின் முதல் அச்சகம் இதுதான்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள். கோவாவில் 1556லேயே அச்சகம் இருந்தது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூல் தமிழில் அச்சாகிவிட்டது. இருக்கிற பெருமையே தரங்கம்பாடிக்குத் தாராளம்.

இப்போது கோட்டைக்கு வாருங்கள். இது போரிட்டுப் பிடித்த இடமில்லை. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. டேனியர்களுக்கு மிளகு வேண்டும், துணி வேண்டும். நாயக்கருக்கு ஆண்டுதோறும் கப்பம். இதே கோட்டையில்தான் டேனியத் தளபதி சீகன்பால்குவை நான்கு மாதம் சிறை வைத்தார். மிஷனரியும் வணிகக் கம்பெனியும் ஒரே கை என்று நினைக்கிற மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடைசியில், 1845இல், வங்காளத்தின் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஊர்க்காரர்களை யார் கேட்டார்கள்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே விடுங்கள், நன்றாகப் பேசுவார்கள்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில். டேனியர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டை வருவதற்கு முன்பும் இந்த ஊர் துறைமுகம்தான், குலசேகரன்பட்டினம் என்ற பெயரும் இதற்கு இருந்தது என்பதைப் பெரும்பாலான குழுக்கள் தெரிந்துகொள்ளாமலே திரும்புகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்த ஊரைப் புரட்டிப் போட்டது. வீட்டு மனிதர்களைப் பறிகொடுத்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளை விட்டுத் துருவிக் கேட்க வேண்டாம். கடலிலும் யாரையும் இறங்க விடாதீர்கள். கற்கள் வழுக்கும்.

காலை எட்டு மணிக்கெல்லாம் நுழைவாயிலுக்கு வந்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வீதிகளை நடந்து முடிக்கலாம். குடிநீரை முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கோட்டைக்குள்ளும் ஒன்று உண்டு. இரண்டும் அன்று திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பூம்புகாரை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அன்புடன்,
பொறையார்க்காரன் ஒருவன்